திரும்பும் வழி எதுவரை: சொந்த சர்வரில் மென்பொருளையும் தரவுத்தளத்தையும் மேம்படுத்தும் பிரச்சினை

தம்முடைய கோப்புகளையும் நிழற்படங்களையும் கடிதப் போக்குவரத்தையும் பெருங்கம்பெனிகளின் வசம் ஒப்புவிக்க மனமின்றி, சொந்தமாக வாங்கியோ வாடகைக்கு அமர்த்தியோ வைத்திருக்கும் ஒரு சர்வரில் நெக்ஸ்ட்கிளவுடையோ கிட்லேபையோ மாஸ்டடானையோ நிறுவி நடத்திவரும் தனிமனிதர்களும் சிறு ஸ்தாபனங்களும், புதிய பதிப்பு வெளிவரும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியை எதிர்கொள்கிறார்கள். சேர்த்துவைத்த தரவுகளுக்குப் பங்கம் நேராமல் மென்பொருளையும் அதன் தரவுத்தளத்தையும் மேம்படுத்துவது எப்படி என்பதே அது. கேள்வி எளிமையாகத் தோன்றினும், அதற்கு அரை நூற்றாண்டாக அளிக்கப்பட்டுவரும் விடைகள் ஒன்றோடொன்று எளிதில் இசைவனவல்ல.

இதன் சிக்கல் தொழில்நுட்ப நுணுக்கத்தில் இருப்பதைவிட, நிரலுக்கும் தரவுக்கும் உள்ள ஒரு வேற்றுமையில் அதிகமாக இருக்கிறது என்று கருத இடமுண்டு. நிரலின் பழைய பதிப்பு கெட்டுப்போனால் வேறோர் இடத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அந்தச் சர்வரில் நாள்தோறும் சேர்ந்த தரவுகளோ வேறெங்கும் கிடையா. புதிய பதிப்பு அத்தரவுகளைத் தன் வடிவத்துக்கு மாற்றி, அந்த வடிவத்திலேயே புதிய பதிவுகளையும் ஏற்கத் தொடங்கிய பின்னர், பழைய நிரலை மீண்டும் நிறுவுவதால் மட்டும் பழைய நிலை திரும்பிவிடுவதில்லை. ஆகவே இத்துறையின் பல்வேறு முறைகளையும், திரும்ப இயலாத அந்தக் கட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கான விடைகளாகக் கொண்டு பரிசீலிப்பதே பயனுடையதாகத் தோன்றுகிறது.

கேள்வியின் பூர்வீகம்

1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளராக இருந்த எட்கர் காட், தரவுகளை உறவுமுறை அட்டவணைகளாகக் கொள்ளும் தம் சித்தாந்தத்தை வெளியிட்டபோது, தரவுகள் இயந்திரத்தினுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பயன்படுத்துவோர் அறியவேண்டிய நிர்ப்பந்தமே இருக்கலாகாது என்பதை அதன் முதன்மையான நியாயங்களுள் ஒன்றாக முன்வைத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மேயர் லேமன், பயன்பாட்டிலிருக்கும் மென்பொருள் இடையறாது மாற்றியமைக்கப்பட்டே ஆகவேண்டும், இல்லையேல் அதன் உபயோகம் படிப்படியாகக் குன்றும் என்ற விதியை வகுத்தார். மாறியே தீரும் என்கிறது ஒரு கூற்று. மாறினாலும் நிரலும் தரவின் அடுக்குமுறையும் ஒன்றையொன்று தீண்டாதிருக்கவேண்டும் என்கிறது மற்றது.

காட் விரும்பிய சுதந்திரம் கேள்வி கேட்கும் மொழியளவில் பெரும்பாலும் நிறைவேறிற்று. நிறைவேறாத இடங்கள் இரண்டு. தரவுத்தள மென்பொருள் டிஸ்க்கில் எழுதும் அக அமைப்பு ஒன்று. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ஏறத்தாழ ஆண்டுக்கொரு பெரும்பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கிறது. ஒரு பெரும்பதிப்பு உண்டாக்கிய தரவுக் கோப்புறையை அடுத்த பெரும்பதிப்பு நேரடியாக ஏற்பதில்லை, இயங்கவே மறுத்துவிடுகிறது. டாக்கரில் பதிப்பெண்ணைக் குறிப்பிடாமல் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதிவைத்தவர்கள், ஒரு நாள் தரவுத்தளம் எழவில்லை என்று திகைப்பது இதனால்தான். செயலி தன் தேவைக்கென வகுத்துக்கொண்ட அட்டவணை அமைப்பு, அதாவது ஸ்கீமா, மற்றொன்று. இவ்விரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒன்று இருப்பது நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. அதைப் பின்னர் காண்போம்.

மாற்றாதிருத்தல்

ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்பது மிகப் பழைய நிலைப்பாடு. இதைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்புக்கே பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்க்கும் டெபியன் இயங்குதள நிலைப்பதிப்பின் மரபு, இதே கொள்கையின் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவமாகும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளவாயிலைப் புகுத்தியிருந்தது வெளிப்பட்டபோது, புதியதை உடனுக்குடன் ஏற்றவர்களே அபாயத்துக்குள்ளாயினர்; டெபியன் நிலைப்பதிப்பில் இருந்தோர் தப்பினர். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோருள் ஒருவர் என்பதும், சர்வரில் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதை உற்றுநோக்கியே அவர் அதைப் பிடித்தார் என்பதும் சுவையான செய்திகள்.

ஆயினும் எதிர்த்தரப்பின் சான்று இதைவிடக் கடுமையானது. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் மென்பொருளில் ஒரு பெரும் பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் திருத்தம் செய்யாத தளங்கள் அனைத்தும் தாக்கப்பட்டுவிட்டனவாகவே கருதிச் செயற்படுமாறு ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரிக்க நேர்ந்தது. ஏழு மணி நேரம் என்பது ஒரு சிறு ஸ்தாபனத்தின் நிர்வாகி உறங்கி எழும் நேரம். இதற்கு ஓராண்டு முன்பே, 2013 அக்டோபரில் வெளிவந்த 3.7ஆம் பதிப்பிலிருந்து, சிறு திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்ளும் வழக்கத்தை வேர்ட்பிரஸ் மேற்கொண்டிருந்தது. அந்தத் தீர்மானத்தின் விவேகத்தை ட்ரூபல் சம்பவம் உறுதிப்படுத்தியது எனலாம்.

மாற்றாதிருத்தலின் இன்னொரு பலவீனம் கடன்போல் சேர்ந்துகொண்டே போவது. நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பெரும்பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குத் தாவ இயலாது; ஒவ்வொன்றாகவே ஏறவேண்டும். கிட்லேபுக்கோ கட்டாயம் நின்று செல்லவேண்டிய இடைப்பதிப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பின்னணியில் நடக்கும் தரவு மாற்றங்கள் முடியும்வரை காத்திராமல் மேலே சென்றால் அடுத்த படி தவறிவிடும். ஐந்தாண்டு பொறுத்திருந்தவர் இடையில் வந்த மேம்படுத்தல்கள் அத்தனையையும் ஒரே இரவில் செய்யவேண்டியவராகிறார்.

எழுத்தில் இறக்கி மறுபடி ஏற்றுதல்

தரவுத்தளத்தின் உள்ளடக்கம் முழுவதையும் கட்டளைகளாக ஒரு கோப்பில் எழுதி எடுத்துக்கொண்டு, புதிய பதிப்பில் வெறுமையான தரவுத்தளம் ஒன்றை அமைத்து, அதில் அக்கட்டளைகளை ஓட்டி அனைத்தையும் மீளப் படைப்பது இரண்டாவது முறை. பேச்சுவழக்கில் ‘டம்ப் எடுத்து ரீஸ்டோர் பண்ணுவது’ என்பது இதுவே. டிஸ்க்கின் அக அமைப்பு எதுவாயினும் இது கவலைப்படுவதில்லை. இன்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படுவதால் பழைய இன்டெக்ஸ்களில் மறைந்திருந்த பழுது புதிய இடத்துக்குத் தொடர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய தரவுத்தளம் தீண்டப்படாமல் அப்படியே நிற்கிறது. திரும்ப இயலாத கட்டத்தை இவ்வளவு தெளிவாக நிர்வாகியின் கையில் வைக்கும் முறை வேறில்லை. சிறிய அளவுத் தரவுத்தளங்களுக்கு, அதாவது சொந்த சர்வர் நடத்துவோரில் மிகப்பெரும்பாலோருக்கு, இதனினும் தகுந்த முறையைக் காட்டுவது அரிது.

இதன் குறைகளுள் காலதாமதம் யாவரும் அறிந்தது. தரவு பெருகப் பெருக, இறக்குவதும் ஏற்றுவதும் மணிக்கணக்கில் நீளும். அவ்வளவு நேரமும் சேவை நிற்கவேண்டும். அறியாமல் விடப்படுவன வேறு. போஸ்ட்கிரெஸின் பிஜி டம்ப் கருவி ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எழுதுமேயன்றி, எல்லாவற்றுக்கும் பொதுவான பயனர்களையும் அவர்களுடைய கடவுச்சொற்களையும் எழுதாது. அவற்றைத் தனியே எடுக்கவேண்டும். மேலும், தன்னைவிடப் புதிய பெரும்பதிப்பைச் சேர்ந்த சர்வரிலிருந்து அக்கருவி தரவை இறக்க மறுத்துவிடும்.

இந்த மறுப்பு எத்தகைய விளைவைத் தரக்கூடும் என்பதற்குப் பிரசித்தமான உதாரணம் 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபின் பொதுச் சேவையில் நேர்ந்தது. அது மேம்படுத்தலின்போது நேர்ந்த விபத்தன்று. நகல் சர்வரைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர் முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையைத் தவறுதலாக நீக்கிவிட்டார். அதன்பின் பேக்கப்பைத் தேடியபோதுதான், தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் ஓட, டம்ப் கருவி மட்டும் 9.2ஆம் பதிப்பாக இருந்து நாள்தோறும் தோல்வியுற்று வந்ததும், அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் அஞ்சல் சரிபார்ப்பு விதிகளால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் எட்டாமற்போனதும் தெரியவந்தன. வேறொரு காரியத்துக்காக ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு டிஸ்க் ஸ்னாப்ஷாட் இருந்ததால் பெரும்பகுதி மீண்டது; இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்த சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய பயனர்களும் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனமே விவரமாக வெளியிட்டது. தரவுத்தளம் மேம்பட்டது, அதைக் காக்கும் கருவி பழைய பதிப்பிலேயே நின்றது. மேம்படுத்தலின் எல்லை எதுவரை என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எழுப்பிய நிகழ்ச்சி எளிதில் நினைவுக்கு வரவில்லை.

தமிழ் எழுத்தைச் சேமிப்போர் தனியாகக் கருதவேண்டிய ஒரு விஷயமும் இம்முறையில் உண்டு. யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகள் கொள்கிறது. பழைய மைஎஸ்கியூஎல் சர்வர்கள் சிலவற்றில், அட்டவணை மேலைநாட்டு லத்தீன் குறியீட்டைச் சேர்ந்ததென்று அறிவிக்கப்பட்டிருக்க, செயலியோ அதனுள் யூடிஎஃப்-8 பைட்டுகளை எழுதிவந்தது. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நிகழ்ந்ததால் திரையில் தமிழ் தமிழாகவே தெரிந்தது. டம்ப் எடுக்கும் கருவி அந்த அறிவிப்பை மெய்யென நம்பி ஒவ்வொரு பைட்டையும் மறுபடி யூடிஎஃப்-8ஆக மாற்றும்போதுதான், ஒரு தமிழ்க் குறி மூன்று அந்நிய எழுத்துகளாகச் சிதறிப்போகிறது. பல ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழையை மேம்படுத்தல் வெளிக்கொணர்கிறதேயன்றி உண்டாக்குவதில்லை. எனினும் பழி மேம்படுத்தலின் மேலேயே விழுகிறது. மைஎஸ்கியூஎல் ‘யூடிஎஃப்-8’ என்று பெயரிட்டிருந்த வகையே 3 பைட்டுகளுக்கு மேல் ஏற்காததாயிருந்து, 2010இல் 5.5.3ஆம் பதிப்பில்தான் 4 பைட்டு வகை சேர்க்கப்பட்டது. தமிழுக்கு அந்த மூன்று போதும். தமிழ் வாக்கியத்தின் கடைசியில் இடப்படும் இமோஜிக்குத்தான் போதாது.

இருந்த இடத்திலேயே மாற்றுதல்

நேரத்தைச் சேமிக்க எழுந்தது மூன்றாவது முறை. 2010இல் வெளியான 9.0ஆம் பதிப்புடன் போஸ்ட்கிரெஸில் சேர்க்கப்பட்ட பிஜி அப்கிரேடு கருவி, பெரும்பதிப்புகளுக்கிடையே மாறுவன பெரும்பாலும் அகப் பட்டியல்களே, பயனரின் தரவுக் கோப்புகளின் வடிவம் அரிதாகவே மாறுகிறது என்ற உண்மையை ஆதாரமாகக் கொண்டது. பட்டியல்களைப் புதிதாக அமைத்துவிட்டுத் தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுத்தோ ஹார்ட் லிங்க் செய்தோ சேர்த்துவிடுகிறது. லிங்க் முறையில் மிகப்பெரிய தரவுத்தளமும் சில நிமிடங்களில் மாறிவிடக்கூடும். அதற்குரிய விலை, புதிய சர்வரை ஒருமுறை இயக்கியபின் பழையதைப் பத்திரமாக இயக்க முடியாமற்போவது. இரண்டும் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன அல்லவா? திரும்ப இயலாத கட்டம் இங்கே ஒரு கமாண்டின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வேகத்தைக் கண்டு மயங்கி இதைச் சிறு தரவுத்தளங்களுக்கும் பரிந்துரைப்போர், ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தி மீட்சியை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

மைஎஸ்கியூஎல் இன்னும் ஒரு படி சென்றது. 8.0.16ஆம் பதிப்பு முதல் சர்வர் தொடங்கும்போதே மேம்படுத்தலைத் தானே செய்துகொள்கிறது. 8.0இலிருந்து 5.7க்கு மட்டுமன்றி, 8.0 வரிசைக்குள்ளேயே முந்தைய வெளியீட்டுக்குத் திரும்புவதையும் அது ஆதரிப்பதில்லை. முன்பே எடுத்துவைத்த பேக்கப்பை மீட்பதே வழி.

இவ்வபாயத்துக்கு மாற்றாக இசட்எஃப்எஸ், எல்விஎம் போன்றவற்றின் ஸ்னாப்ஷாட்டை நாடுவோர் பலர். விநாடியில் எடுத்து விநாடியில் திரும்பலாம் என்பது உண்மையே. ஆனால் நெக்ஸ்ட்கிளவுட் போன்றவற்றில் கோப்புகள் ஒரு டிஸ்க்கிலும் அவற்றைப் பற்றிய விவரங்கள் தரவுத்தளத்திலுமாகப் பிரிந்து கிடக்கையில், ஒன்றை மட்டும் பின்னோக்கித் திருப்பினால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கத் தொடங்கும். தவிர, அதே டிஸ்க்கில் வாழும் ஸ்னாப்ஷாட் அந்த டிஸ்க்கோடு சேர்ந்தே அழியும்.

இரட்டை ஓட்டம்

பழையதையும் புதியதையும் ஒருங்கே ஓடவிட்டு, ஒன்றில் நிகழும் மாற்றங்களை மற்றதற்கு அனுப்பிக்கொண்டேயிருந்து, இரண்டும் சமமான வேளையில் பயனர்களைப் புதியதற்குத் திருப்பிவிடுவது நான்காவது முறை. ஜெஸ் ஹம்பிளும் டேவிட் ஃபார்லியும் 2010இல் எழுதிய நூலால் பரவலாகிய ‘நீலம்-பச்சை’ உத்தியும் இதன் இனத்தைச் சேர்ந்தது. போஸ்ட்கிரெஸில் முன்பு ஸ்லோனி போன்ற புறக் கருவிகளால் செய்யப்பட்ட இவ்வேலை, 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் உள்ளமைந்த வசதியாயிற்று. திசையை மாற்றி, புதியதிலிருந்து பழையதற்கும் மாற்றங்களை அனுப்பி வைக்கலாமாதலால், திரும்பும் வழியை மாற்றத்துக்குப் பின்னும் சில நாள் திறந்துவைக்க வல்லது இது ஒன்றே. ஆனால் இவ்வசதி ஸ்கீமா மாற்றங்களைத் தானே கொண்டுசெல்வதில்லை. இரண்டு சர்வர்களின் செலவும் கவனிக்க ஆளும் வேண்டும். தனியொருவர் நடத்தும் சர்வருக்கு இது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

ஸ்கீமா மாற்றமும் இறங்குபடியும்

இதுவரை கண்டவை தரவுத்தள மென்பொருளைப் பற்றியவை. செயலியின் ஸ்கீமா மாற்றங்களை வரிசையெண் இட்ட சிறு நிரல்களாக எழுதி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் வழக்கத்தை, 2005இல் தன் 1.0ஆம் பதிப்பை எட்டிய ரூபி ஆன் ரெயில்ஸ் மிகப் பிரபலமாக்கிற்று. ஏறுவதற்கு ஒரு நிரலும் இறங்குவதற்கு ஒரு நிரலும் எழுதலாம் என்பது அதன் கவர்ச்சி. நடைமுறையில் இறங்குபடி பெரும்பாலும் பரிசோதிக்கப்படுவதேயில்லை; நீக்கப்பட்ட ஒரு நெடுவரிசையை மீண்டும் சேர்த்தால் அதன் இடம் வருமேயன்றி அதிலிருந்த தரவு வராது.

பாதிவழியில் தவறினால் என்னாகும் என்பதில் தரவுத்தளங்களுக்குள் வேற்றுமையுண்டு. போஸ்ட்கிரெஸில் ஸ்கீமா மாற்றங்கள் பெரும்பாலானவற்றை ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்கலாம். தவறினால் ஒன்றுமே நடவாததுபோல் ஆகிவிடும். மைஎஸ்கியூஎலில் அத்தகைய கட்டளை ஒவ்வொன்றும் தனக்கு முன்னிருந்த பரிவர்த்தனையை முடித்துவிடுவதால், பத்துக் கட்டளைகளுள் ஆறாவது தவறினால் ஐந்து நிலைத்துவிடும். பிறகு அத்தரவுத்தளம் பழைய பதிப்புக்கும் உரியதன்று, புதிய பதிப்புக்கும் உரியதன்று.

இதற்குச் சிந்தனை அளவில் மிகச் செம்மையான விடையை ஸ்காட் ஆம்ப்ளரும் பிரமோத் சடாலகேயும் 2006இல் வெளிவந்த தங்கள் நூலில் அளித்தனர் எனலாம். பழைய வடிவமும் புதிய வடிவமும் சேர்ந்து நிலவும் ஓர் இடைக்காலத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தி, முதலில் சேர்க்கவேண்டியதைச் சேர்த்து, எல்லா நிரல்களும் புதியதற்குப் பழகிய பின்னரே பழையதை நீக்குவது அவர்கள் காட்டிய நெறி. மாஸ்டடான் தன் ஸ்கீமா மாற்ற நிரல்களை, புதிய நிரலை இயக்குவதற்கு முன் ஓடுவன, பின் ஓடுவன என இரண்டாகப் பகுத்திருப்பது இந்நெறியின் பயன். மேட்ரிக்ஸ் உரையாடல் வலையமைப்பின் சினாப்ஸ் சர்வரோ, தற்போதைய ஸ்கீமா எண்ணோடு, எந்த எண்வரை பின்னோக்கி இசையும் என்பதையும் தரவுத்தளத்திலேயே குறித்துவைக்கிறது. திரும்பும் தூரம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லும் மென்பொருள்கள் மிகச் சிலவே. இந்நெறியின் குறை, அதன் பாரம் முழுவதும் மென்பொருளை எழுதுவோர் தலையில் விழுவது. சர்வரை நடத்துவோர் அதை விரும்பலாம், கட்டாயப்படுத்த முடியாது.

அடித்தளம் நகர்ந்தபோது

முன்னே ஒத்திவைத்த மூன்றாவது அடுக்கு இயங்குதளம். 2018 ஆகஸ்டில் வெளியான குனு சி நூலகத்தின் 2.28ஆம் பதிப்பு, எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதிகளை விரிவாகத் திருத்தியமைத்தது. அவ்விதிகளை அந்நூலகத்திடமிருந்தே இரவல் பெற்றுவந்த போஸ்ட்கிரெஸ், பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸ்களைப் புதிய வரிசையில் தேடத் தொடங்கிற்று. 2019இல் வந்த டெபியன் 10க்கு மாறியவர்கள் தரவுத்தளத்தின் பதிப்பைத் தொடவேயில்லை. எனினும் இருக்கும் பதிவு இல்லையென்று வந்தது, ஒன்றே இருக்கவேண்டிய பெயர் இரண்டாகப் பதிவாயிற்று. பிழைச்செய்தி ஏதும் எழாமல் இது நிகழ்ந்ததே இதன் கொடுமை. இரட்டித்த பதிவுகளை ஒன்றுசேர்க்கவென்றே மாஸ்டடான் ஒரு கருவியைத் தரவேண்டியதாயிற்று.

டாக்கர் முறை இதை மேலும் மறைத்தது. தரவுத்தளத்தின் பதிப்பெண்ணைக் கவனமாக நிலைநிறுத்தியவர்கூட, அதே எண்ணுள்ள இமேஜின் அடியிலிருக்கும் டெபியன் மாறுவதைக் காண்பதில்லை. ஆல்பைன் இமேஜிலிருந்து டெபியன் இமேஜுக்கு ஒரே தரவை மாற்றினாலும் வரிசை மாறிவிடும். பிற்பட்ட பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ், வரிசை விதியின் பதிப்பைக் குறித்துவைத்து வேறுபட்டால் எச்சரிக்கவும், 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் நூலகத்தைச் சாராத சொந்த வரிசைமுறை ஒன்றை வழங்கவும் தொடங்கியது. அச்சொந்த வரிசை குறியீட்டெண் வரிசையேயாதலால், மொழிவழி அகரவரிசை வேண்டுவோருக்குப் பிரச்சினை முற்றும் தீர்ந்ததாகச் சொல்வதற்கில்லை. எச்சரிக்கை வந்த பின்னரும் இன்டெக்ஸ்களை மறுபடி கட்டுவது நிர்வாகியின் பொறுப்பாகவே இருக்கிறது.

தீராது நிற்பவை

சில குறைகள் கருவிகளாலேயே தீர்ந்துவருகின்றன. பிஜி அப்கிரேடுக்குப் பின் தரவுத்தளம் மந்தமாவதற்குக் காரணமாயிருந்த புள்ளிவிவர இழப்பு, 2025இல் வெளியான 18ஆம் பதிப்பில் பெரும்பாலும் நீங்கியது. தரவுச் சரிபார்ப்புத் தொகையை இயல்பாகவே எழுதும் வழக்கமும் அதே பதிப்பில் வந்தது. அதே காரணத்தால், அவ்வமைப்பு இல்லாத பழைய தரவை மேம்படுத்துவோர் ஒரு படி கூடுதலாகக் கவனிக்கவேண்டியும் வந்தது.

தீராமல் நிற்பது, மாற்றத்துக்குப் பின் எழுதப்பட்டவற்றின் கதி. பேக்கப்பாயினும் ஸ்னாப்ஷாட்டாயினும் லிங்க் செய்யாத பழைய நகலாயினும், அவை மாற்றத்துக்கு முந்தைய கணத்துக்கே கொண்டுசெல்லும். பழுது மூன்றாம் நாள் தெரியவருமாயின், அம்மூன்று நாள் பதிவுகளைக் கைவிடுவதா பழுதோடு முன்செல்வதா என்பதற்கு எந்த முறையும் பொதுவிடை தரவில்லை. பழைய வடிவத்தில் எழுப்பிய கேள்விகளைப் புதிய வடிவத்துக்கேற்ப இயந்திரமே மாற்றித்தரும் ஆராய்ச்சியில் கார்லோ குரினோவும் கார்லோ சானியோலோவும் அவர்தம் குழுவினரும் 2008ஆம் ஆண்டளவில் முனைந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட விக்கிப்பீடியாவின் ஸ்கீமா நான்கரை ஆண்டுகளில் 170க்கும் மேற்பட்ட வடிவங்களைக் கடந்திருந்தது. அந்த ஆராய்ச்சி சிறு சர்வர்களின் அன்றாட வழக்கத்துக்குள் இன்னும் வந்துசேரவில்லை.

மற்றொன்று, பேக்கப் எடுப்பதற்கும் அதை மீட்டுப்பார்ப்பதற்கும் இடையிலுள்ள இடைவெளி. மேற்கண்ட முறைகள் யாவும், இரட்டை ஓட்டம் நீங்கலாக, மீட்கத்தக்க ஒரு நகல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசுகின்றன. அது மீள்கிறதா என்பதைத் தனி இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பதை எதுவும் தன் இன்றியமையாத அங்கமாகக் கொள்ளவில்லை. புதிய பதிப்பை முதலில் அந்த மீட்ட நகலின்மேல் ஓட்டிப்பார்த்தால் பேக்கப்பும் மேம்படுத்தலும் ஒருசேரப் பரிசோதிக்கப்பட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் ட்ரூபல் சம்பவத்தில் கிடைத்ததுபோன்ற ஏழு மணி நேரத்துக்குள் அது முடியுமா என்பது தரவின் அளவையும் ஆள்பலத்தையும் பொறுத்தது. எத்தகைய திருத்தங்களை ஒத்திகையின்றி உடனே ஏற்பது, எவற்றை ஒத்திகைக்காக நிறுத்திவைப்பது என்ற எல்லைக்கோட்டை ஒவ்வொரு சர்வரின் நிர்வாகியும் இன்றுவரை தாமாகவே வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது.